கேரவன் டயருக்கு நைட்ரஜன்: எப்போது காசு கொடுக்கலாம், எப்போது வேண்டாம்

கேரவன் டயருக்கு நைட்ரஜன் அடிக்கக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். புது டயர் மாட்டும் நாளில், ஒருமுறை, முழுதாக அடித்துத் தருவார்கள் என்றால் கொடுக்கலாம். அதற்குப் பிறகு பெட்ரோல் பங்குக்குப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளக் கொடுக்கும் காசுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. நைட்ரஜன் கிடைக்கவில்லை என்பதற்காகக் காற்று இறங்கிய டயரோடு அடுத்த ஊர் வரை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் மற்றதையும் சேர்த்து எழுத உட்கார்ந்தேன்.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு பெங்களூரில் பேகூர் பக்கம். ஓய்வுக்குப் பிறகு என் மனைவியும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு இந்தக் கேரவன். சின்ன பஸ் சேஸிஸ் மேல் கட்டிய நடமாடும் வீடு. முன்னால் ஒற்றை டயர், பின்னால் பக்கத்துக்கு இரட்டை டயர், அடியில் ஒரு ஸ்டெப்னி. மகள் சென்னையில், மனைவியின் தம்பி சேலத்தில். அதனால் ஓசூர் சாலையைப் பிடித்துக் கிருஷ்ணகிரி, அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னை, இல்லையென்றால் தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் என்று வண்டி போய்வரும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். கேரவன் என்றால் எல்லோருக்கும் பயணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் டயர்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நைட்ரஜன் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நெடுஞ்சாலைப் பங்குகளில் வண்டியை நிறுத்தியதும் பையன்கள் வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே வாசகம்: “சார், நைட்ரஜன் போட்டுக்கோங்க. டயர் கூலா ஓடும், வெயில்ல வெடிக்காது, மைலேஜ் வரும், காத்து எறங்கவே எறங்காது.” அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. 2019 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே, யமுனா விரைவுச் சாலையின் டயர் வெடிப்பு விபத்துகளைப் பற்றிய பேச்சில், நைட்ரஜனைக் கட்டாயமாக்குவது பரிசீலனையில் இருப்பதாக மாநிலங்களவையில் சொன்னார். அதன் பிறகு நைட்ரஜன் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் ஜனங்களிடம் இன்னும் ஊறிவிட்டது.

கூலாக ஓடும் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதை நம்பித்தான் பலர் மற்ற எச்சரிக்கைகளைக் கைவிடுகிறார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி ஆர்கானும் வேறு சிலவும். டயர் சூடாவது உள்ளே இருக்கும் வாயுவால் அல்ல. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அமுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடுமே, அதேபோல ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் சுடுகின்றன. அழுத்தம் குறைந்தால் அமுங்கல் கூடும், சூடும் கூடும். பாரம் ஏறினாலும் வேகம் ஏறினாலும் அப்படியே. உள்ளே எந்த வாயு இருக்கிறது என்பது இதில் எங்கும் வரவில்லை. மைலேஜும் அதே கணக்குதான். சரியான அழுத்தம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

சூட்டில் அழுத்தம் ஏறுவதும் இரண்டுக்கும் ஒன்றே. 80 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்த டயரில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 3 பிஎஸ்ஐ ஏறும். நைட்ரஜனாக இருந்தாலும் ஏறும், உலர்ந்த சாதாரணக் காற்றாக இருந்தாலும் ஏறும். வித்தியாசம் வருவது தண்ணீரால். டயருக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தங்கியிருந்தால், டயர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது அது ஆவியாகித் தன் பங்குக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் கூட்டிவிடும். சூட்டு விஷயத்தில், பங்கில் இருக்கும் நைட்ரஜன் இயந்திரத்தின் உண்மையான நன்மை அது உலர்ந்த வாயுவைத் தருவது.

விமானத்தில் நைட்ரஜன்தானே அடிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு மெக்சிகானா போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடித்திருந்த டயர், பிரேக் சூட்டில் வெடித்துத் தீப்பிடித்ததே காரணம். அடுத்த ஆண்டே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களின் டயருக்குள் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தரையிறங்கும்போது விமான பிரேக் பல நூறு டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் உள்பக்க ரப்பர் ஆவி விட்டு, அது ஆக்சிஜனோடு சேர்ந்து தானே பற்றிக்கொள்ளும். அங்கே நைட்ரஜன் உயிர் காக்கும் பொருள், சந்தேகமே இல்லை. நம் வண்டியில் ஒழுங்காக ஓடும் டயர் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போவதில்லை. மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் பழுக்கும், அது வேறு ஆபத்து. தொப்பூரில் இரண்டாவது, மூன்றாவது கியரில் விட்டு இறங்கினால் பிரேக் சூடாகாது. எந்தக் காற்றாக இருந்தாலும் அங்கே இதைத்தான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் என் வண்டியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. டூல் ரூமில் இருந்தவனுக்கு அளக்காமல் மனசு ஆறாது. புது டயர்கள் மாட்டியபோது ஆறும் ஒரே கம்பெனி, ஒரே காலத்துத் தயாரிப்பு. இடதுபக்க மூன்றில் நைட்ரஜன், வலதுபக்க மூன்றில் எங்கள் தெரு முனைப் பஞ்சர் கடைக் காற்று. அழுத்தம் அளக்க ஒரே கேஜ், வெயில் படுவதற்கு முன் விடியற்காலையில், எல்லாவற்றிலும் 80.

மழைக்காலம் முழுக்க வண்டி நின்றது. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அதே கேஜால், அதே விடியற்காலை நேரத்தில் அளந்தேன். கடைக் காற்று டயர்களில் 4, 5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தது. நைட்ரஜன் டயர்கள் இரண்டில் 3. மூன்றாவது நைட்ரஜன் டயர், பின்பக்கத்து உள் டயர், அதில் 11 இறங்கியிருந்தது! வால்வு முனையில் சோப்புத் தண்ணீர் விட்டேன், முத்து முத்தாகக் குமிழி வந்தது. வால்வு பின் சரியாக உட்காரவில்லை. பின்னை மாற்றி, ரப்பர் வாஷர் உள்ள நல்ல மூடி போட்டதும் நின்றுவிட்டது. சில ரூபாய் வேலை. நைட்ரஜன் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஒன்றிரண்டு பிஎஸ்ஐயை அந்த ஒரு பின் பல மடங்காக வெளியே விட்டிருந்தது.

நான் பார்த்த அளவு வெளி ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 31 வகைக் கார் டயர்களை 30 பிஎஸ்ஐயில் நிரப்பி ஓராண்டு வெளியில் வைத்துப் பார்த்தது. காற்று அடித்தவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன, நைட்ரஜன் அடித்தவை 2.2. ஆக, இறங்கவே இறங்காது என்பது பொய், கொஞ்சம் மெதுவாக இறங்கும் என்பது உண்மை. ஆக்சிஜன் ரப்பர் வழியாக நைட்ரஜனைவிடச் சில மடங்கு வேகமாகக் கசிவதுதான் காரணம்.

மே மாதச் சென்னைப் பயணத்தில் சூட்டுக் கணக்கையும் பார்த்தேன். வாணியம்பாடி தாண்டிச் சாப்பிட நிறுத்திய இடத்தில் நைட்ரஜன் பக்கம் வெயிலில், மற்றது நிழலில். சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தால் நைட்ரஜன் பக்கம்தான் 3, 4 பிஎஸ்ஐ அதிகம். திரும்பி வரும்போது வண்டியை மாற்றி நிறுத்தினேன், கடைக் காற்றுப் பக்கம் ஏறியிருந்தது. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், அவ்வளவே.

இனி என் மைத்துனர் கதை. சேலத்தில் அவரும் எங்களைப் பார்த்து ஒரு கேரவன் எடுத்தார். டயருக்கெல்லாம் நைட்ரஜன் அடித்து, அதற்கு அடையாளமான பச்சை மூடி போட்டு அழகாக வைத்திருந்தார். எங்களைப் பார்க்கப் பெங்களூர் கிளம்பியவர், தருமபுரி பக்கம் ஒரு பங்கில் நிறுத்தி அளந்திருக்கிறார். பின் டயர் ஒன்றில் 58. அங்கே நைட்ரஜன் இல்லை, சாதாரணக் காற்று இருந்தது, அதுவும் இலவசமாக. யாரோ சொல்லியிருந்ததை நம்பி அதை வேண்டாம் என்றுவிட்டார். கிருஷ்ணகிரியில் நைட்ரஜன் கிடைக்கும், நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே என்று கிளம்பிவிட்டார். காவேரிப்பட்டினம் வருவதற்குள் டயர் கிழிந்து, பின்சக்கரத்து மேல் தகட்டைப் பிய்த்து, தண்ணீர்க் குழாயையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. அந்த நிம்மதி இன்றும் எனக்கு இருக்கிறது.

போனில் அழாத குறையாகச் சொன்னார்: “மாமா, நைட்ரஜன்ல சாதாக் காத்து கலந்தா டயர் கெட்டுடும்னு சொன்னாங்க மாமா. அதான் கிருஷ்ணகிரி வரைக்கும் மெதுவா போயிடலாம்னு பார்த்தேன்.”

அவர் அலட்சியமான ஆள் இல்லை. டயரை அளந்து பார்க்கிற அளவுக்கு அக்கறை உள்ளவர். அந்த அக்கறையையே ஒரு தப்பான தகவல் திசை திருப்பிவிட்டது. லாரி டயர் துறையில் ஒரு விதி உண்டு: வைக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடிய டயரைக் காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் கருத வேண்டும். கழற்றி உள்ளே பரிசோதிக்காமல் மறுபடி காற்று அடிக்கக் கூடாது, உள்ளே அறுந்த கம்பிகளோடு அடிக்கும்போது பக்கச்சுவர் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே வெடிக்கலாம். 80 வைக்க வேண்டிய டயருக்கு அந்த எல்லை 64. அவருடையது 58, அதுவும் ஓடிச் சூடான நிலையில். ஆறிய பிறகு அளந்திருந்தால் இன்னும் கீழே காட்டியிருக்கும்.

நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்று கலந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். உள்ளே 95 சதவீத நைட்ரஜன் இருக்கும் டயரில் 3 பிஎஸ்ஐ குறைந்து, அதைச் சாதாரணக் காற்றால் நிரப்பினால் ஆக்சிஜன் 5 சதவீதத்திலிருந்து ஐந்தரை ஆகும். ஒன்றும் ஆகாது. இரண்டும் சண்டை போடும் பொருள்கள் அல்ல, ஏற்கெனவே காற்றில் கலந்து இருப்பவைதான். முழுக்கவே சாதாரணக் காற்றை நிரப்பினாலும் டயர் கெடாது, உலகத்தில் பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பங்கில் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்பதும் தெரியும். சாதாரணக் காற்றில் 70 இருக்கும் டயரில், காற்றை இறக்காமல், மேலே 10 பிஎஸ்ஐ நைட்ரஜனை ஏற்றி 80 ஆக்கினால் உள்ளே ஆக்சிஜன் 21-லிருந்து ஏறக்குறைய 19 சதவீதம் ஆகும். அதாவது முன்பு இருந்த காற்றேதான். பச்சை மூடி மட்டும் புதிது. முழுதாக இறக்கிவிட்டு, வெறும் டயரில் சுத்தமான நைட்ரஜனை 80 வரை அடித்தால் ஒரே தடவையில் ஆக்சிஜன் 3, 4 சதவீதத்துக்கு வந்துவிடும். கார் டயரில் 32 பிஎஸ்ஐ மட்டுமே என்பதால் ஒரு தடவையில் 7 சதவீதம் வரைதான் குறையும், இரண்டாவது முறையும் இறக்கி ஏற்ற வேண்டும். கனரக டயருக்கு இந்த ஒரு விஷயத்தில் சாதகம் உண்டு. இயந்திரம் தரும் நைட்ரஜனின் தூய்மை எவ்வளவு என்று பல இயந்திரங்களின் முகப்பில் காட்டும், 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் காசு கொடுப்பதில்லை.

நான் கொடுத்தது முழு நிரப்பலுக்கு டயருக்கு 100 ரூபாய். பங்குகளில் மேலே ஏற்றிக்கொள்ள டயருக்கு 10, 20 என்று வாங்குகிறார்கள். பணம் பெரிதில்லைதான். ஆனால் அதே பணத்துக்கு என்ன வாங்கலாம் என்று பாருங்கள். கனரக வண்டிக்கான நல்ல கேஜ் ஒன்று சில நூறு ரூபாய். இரட்டை டயரின் உள் வால்வை எட்டுவதற்கு முன்னும் பின்னும் தலை உள்ளதாக வாங்க வேண்டும். உள் டயரின் வால்வுக்கு உலோக எக்ஸ்டென்ஷன் ஒன்று. இரட்டை டயர் வண்டி வைத்திருப்பவர்கள் உள் டயரை அளப்பதே இல்லை, கை போகாது என்பதால். அது இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும், பார்வைக்குத் தெரியாது. இரண்டு பேர் சுமையை ஒரு டயர் சுமந்து சுமந்து ஒருநாள் அதுவும் போகும். என் பார்வையில் இந்தக் கேஜும் எக்ஸ்டென்ஷனும் வாங்கிய பிறகுதான் நைட்ரஜனைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

சாதாரணக் காற்றுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு உடன்பாடு உள்ள ஒன்று ஈரம். பீன்யாவில் எங்கள் கம்ப்ரசர் அறையில் தினமும் காலையில் முதல் வேலை டேங்க் அடியில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து தண்ணீர் வடிப்பது. மழைக்காலத்தில் துருநிறத்தில் கொட்டும். பஞ்சர் கடைகளில் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் தெருக்கடைத் தம்பி தருமபுரிக்காரர், நல்ல உழைப்பாளி. ஒருநாள் நான் சொல்லி அந்தக் குழாயைத் திறந்தார். வந்த தண்ணீரைப் பார்த்து அவரே பதறிவிட்டார்: “அண்ணா, இத்தனை நாளா இது எல்லார் டயருக்குள்ளயும் போயிருக்கா?” இப்போது கடை திறந்ததும் வடித்துவிடுகிறார். நீங்கள் புதிய கடைக்குப் போனால் ஹோஸ் முனையை ஒரு வெள்ளைத் துணி மேல் சில நொடி ஊதவிடச் சொல்லுங்கள். ஈரமோ துருவோ பட்டால் வேறு கடை பாருங்கள். ஈரமில்லாத காற்று கிடைத்துவிட்டால் நைட்ரஜனின் சாதகத்தில் பாதி உங்களுக்கு இலவசமாகவே கிடைத்துவிட்டது.

எத்தனை பிஎஸ்ஐ வைப்பது என்பதில்தான் அதிகக் குழப்பம். டயர் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயரின் உச்ச பாரத்துக்கான அழுத்தம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சேஸிஸ் கம்பெனி கொடுத்த பலகையில் இருக்கும். ஆனால் பலகை எழுதிய பிறகுதானே நாம் உள்ளே வீடு கட்டுகிறோம். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. பேட்டரி, இன்வெர்ட்டர், ஏசி, சமையல் சிலிண்டர், மனைவியின் பாத்திரங்கள், என் கருவிப்பெட்டி. ஓசூர் சாலையில் லாரிகள் நிற்கும் வே பிரிட்ஜ் ஒன்றில், தண்ணீர் நிரப்பி, எல்லோரும் ஏறிய நிலையில், முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் எடை போட்டேன். பின் அச்சு எல்லையை ஒட்டி நின்றது. தண்ணீர்த் தொட்டியைப் பாதி நிரப்பினால் போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம், ஆம்பூரிலும் வேலூரிலும் தண்ணீர் கிடைக்காமல் போகாது. டயரில் 121/120 போல இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றையாக ஓடும்போது, இரண்டாவது இரட்டையாக ஓடும்போது. 121 என்றால் 1450 கிலோ, 120 என்றால் 1400 கிலோ. இரட்டையில் ஒவ்வொரு டயரும் கொஞ்சம் குறைவாகத்தான் சுமக்கலாம்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வையுங்கள் என்று சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து கேட்காதீர்கள். காலையில் 80 வைத்த டயர் மதியம் 90 காட்டினால் அது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். சூட்டில் ஏறும் என்று தெரிந்துதான் ஆறிய டயருக்கு அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 90-ஐப் பார்த்துப் பயந்து 10 இறக்கிவிட்டால் மறுநாள் காலை 70-ல் கிளம்புவீர்கள், அன்று மதியம் டயர் இன்னும் சூடாகும். அளப்பதும் அடிப்பதும் விடியற்காலையில், ஓட்டுவதற்கு முன். வழியில் அளந்தால் பக்கத்து டயரோடு ஒப்பிட மட்டும் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் உடனே, கிடைத்த காற்றை அடியுங்கள்; முன்பு சொன்ன 80 சதவீத எல்லைக்குக் கீழே போயிருந்தால் மட்டும் கழற்றிப் பரிசோதித்த பிறகு.

பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் இங்கே 80 வைத்த டயர், அதே வெப்பநிலையில், சென்னையில் ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே அதிகம். சென்னையின் வெயில் அதை ஈடுகட்டிவிடும். ஊட்டிக்குப் போனால் உயரத்தால் 2 கூடும், குளிரால் 4, 5 குறையும். இதற்கெல்லாம் நான் எதையும் மாற்றுவதில்லை, எண் ஆடும்போது பதறாமல் இருக்கத் தெரிந்துவைத்திருக்கிறேன். நீண்ட நாள் தங்கினால் மட்டும் அந்த ஊரில் ஒரு விடியற்காலையில் சரிசெய்துகொள்வேன்.

நைட்ரஜனுக்கு நான் மனமார ஆதரவாகச் சொல்லக்கூடிய விஷயம் டயரின் வயது. கேரவன் டயர் தேய்ந்து போவதற்கு முன் முதுமையில் போகும். உள்ளிருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தோடு ரப்பருக்குள் ஊடுருவி, அதை உள்ளிருந்தே இறுக வைக்கிறது. டயரைச் சூட்டு அறையில் வைத்து முதுமையாக்கிப் பார்த்த ஆய்வுகளில் நைட்ரஜன் நிரப்பியவை குறைவாகவே முதுமையடைந்தன. ஆகவே நிற்பதே அதிகமான வண்டிக்கு, புது டயரில், முதல் நாளே முழு நைட்ரஜன் என்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வெளிப்பக்கத்தை வெயிலும் ஓசோனும் தின்பதை நைட்ரஜன் தடுக்காது, அதற்குச் சக்கரத்துக்குத் துணி உறை போட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைத்தான் நம்ப வேண்டும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் டயர் வாங்கும்போது ஆறு டயரிலும் இதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். ஒன்று ஓராண்டு பழசாக இருந்தது, கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பரின் கனம், எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போக எனக்கு மனம் வராது.

மைத்துனர் இப்போது வால்வு மூடியிலேயே மாட்டும் அழுத்தக் கண்காணிப்புக் கருவி போட்டிருக்கிறார், ஓட்டும் இடத்தில் ஒவ்வொரு டயரின் எண்ணும் தெரியும். நானும் போட்டுவிட்டேன். ரப்பர் வால்வு என்றால் அந்தக் கனத்தில் ஆடி விரிசல் விடும், உலோக வால்வு போட்ட பிறகே மாட்டச் சொன்னேன். அவர் வண்டியில் இப்போது பாதி நைட்ரஜன், பாதி சாதாரணக் காற்று. தருமபுரியில் எது கிடைக்கிறதோ அதை அடித்துக்கொள்கிறார்.

எங்கள் வண்டியில் அடுத்த முறை டயர் மாற்றும்போது ஸ்டெப்னிக்கும் முழு நைட்ரஜன் கேட்டு வாங்கப் போகிறேன். அடியில் தொங்குவதால் வருடக்கணக்கில் யாரும் பார்க்காத டயர் அது, மெதுவாக இறங்கும் வாயு அங்கேதான் உண்மையில் உதவும். மாட்டும்போது அதன் வால்வு கீழ்நோக்கி, கேஜ் எட்டும்படி இருக்கச் சொல்லுங்கள். பலர் மேல்நோக்கி மாட்டிவிடுகிறார்கள், பிறகு ஒவ்வொரு முறையும் டயரையே இறக்கினால்தான் அளக்க முடியும். பின் டயருக்கு வைக்கும் அழுத்தத்தையே அதற்கும் வையுங்கள். முன்னால் போட நேர்ந்தால் அங்கே குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவழியில் ஏற்றுவதற்குக் கம்ப்ரசர் கிடைப்பது கஷ்டம்.